பழைய நகர மையத்தில் ஓர் இசைக்கூடம்: முதலில் எதைத் தீர்மானிப்பது?

வரைபலகை

இறுதியாண்டு கட்டடக்கலை. தீசிஸ் தலைப்பு: பழைய நகர மையத்துக்குள் ஓர் இசைக்கூடம். இடம் கிடைத்துவிட்டது, தலைவலியும் சேர்ந்தே கிடைத்துவிட்டது.

முகப்பு 24 மீட்டர், ஆழம் 42 மீட்டர். முன்னால் கல் பாவிய சின்னச் சதுக்கம், வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பின்னால் 3.5 மீட்டர் சந்து. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், கீழே கடை, மேலே குடித்தனம். சுற்றிலும் 150, 200 வருடக் கட்டடங்கள். கூரை விளிம்பு 13 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது அந்தப் பகுதியின் விதி. மனையில் இப்போது மிச்சம் இருப்பது எரிந்துபோன ஒரு கிடங்கின் முன்சுவர் மட்டும். அது பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, தொடமுடியாது.

நான் நினைத்திருப்பது: 600 இருக்கை. ஒரு நாள் சிம்பொனி, மறுநாள் ராக், நடுவில் ஜாஸ். முன்சுவருக்குப் பின்னால் கண்ணாடி லாபி. மொட்டைமாடியில் திறந்தவெளி மேடை. முகப்புக்கு நிறைய ஸ்கெட்ச் போட்டுவிட்டேன். பழைய பாணியைத் தொடர்வதா, அப்பட்டமாகப் புதுசாகச் செய்வதா என்பதில் மட்டும் முடிவுக்கு வரமுடியவில்லை. உங்கள் கருத்து?

அரைத்தூக்கம்

மொட்டைமாடி மேடையை இப்போதே அடித்துவிடு தம்பி. மீதியை மற்றவர்கள் அடிப்பார்கள்.

ஒலிக்கணக்கு

முகப்பை மூடி வை. செக்ஷன், அதாவது கட்டடத்தை நெடுக்காக வெட்டிக் காட்டும் படம், எங்கே?

நல்ல செய்தி முதலில். இடம் குறுகல் என்று நீ வருத்தப்படுகிற மாதிரி தெரிகிறது. வேண்டாம். 1870-இல் திறந்த வியன்னா மியூசிக்ஃபெரைன் பெரிய அரங்கின் அகலம் 19 மீட்டர் சொச்சம்தான். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் சுமார் 23 மீட்டர். உலகத்தின் சிறந்த அரங்குகள் என்று இசைக்கலைஞர்கள் கைகாட்டும் இரண்டுமே நீளப்பெட்டிகள். பக்கச்சுவர்கள் கிட்டே இருப்பதால் முதல் பிரதிபலிப்புகள் பக்கவாட்டிலிருந்து சீக்கிரம் காதுக்கு வருகின்றன. இசை நம்மைச் சூழ்ந்துகொண்ட உணர்வு அதிலிருந்துதான் பிறக்கிறது. அகல மனை கிடைத்தவர்கள் விசிறி வடிவத்தில் பரத்திவிட்டு, பிறகு அதே பிரதிபலிப்புக்காகப் பலகைகளைத் தொங்கவிட்டுத் திண்டாடுகிறார்கள்.

இனி கணக்கு. பக்கத்து வீட்டைத் தொடாமல் தனி வெளிச்சுவர் 60 செ.மீ., நடைபாதை 1.8 மீட்டர், உள்சுவர் 60 செ.மீ. ஆக ஒரு பக்கத்துக்கு 3 மீட்டர். அரங்குக்கு மிஞ்சும் அகலம் 18. நடைபாதையை வீண் என்று நினைக்காதே. பாஸ்டனில் அரங்கைச் சுற்றி ஓடும் தாழ்வாரங்கள்தான் தெருச் சத்தத்துக்கு முதல் வேலி. ஆழத்தில் லாபிக்கு 8, பின்னறைகளுக்கு 6 போனால் அரங்கு 28 மீட்டர், மேடையும் சேர்த்து.

ஒலிபெருக்கி இல்லாத இசைக்கு இருக்கைக்கு சுமார் 9 கன மீட்டர் காற்று வேண்டும். 600 பேருக்கு 5,400 கன மீட்டர். 18 × 28 தரைக்கு உயரம் 10.7 மீட்டர். இது உள் உயரம் மட்டும். மேலே இரட்டைக் கூரை, அதைத் தாங்கும் விட்டங்கள் எல்லாம் 3 மீட்டர் தின்னும். கீழே அதிர்வு கடக்காதபடி தனித்து நிற்கும் மிதக்கும் தரைக்கு 1 மீட்டர். கூட்டினால் 15-ஐ நெருங்குகிறது. உனக்குக் கிடைத்தது 13. அதாவது நீ முகப்பைப் பற்றி யோசிக்கும் முன்பே பூமிக்குள் இறங்கியாக வேண்டும்.

வரைபலகை

அண்ணா, இறங்குவதில் என்ன கஷ்டம்? மியூசிக்ஃபெரைனிலேயே 2004-இல் தரைக்கடியில் நான்கு புது அரங்குகள் கட்டினார்கள். அப்படியானால் முழு அரங்கையும் கீழே தள்ளிவிட்டு, மேலே சதுக்கத்தை நீட்டிவிடலாமே?

பழங்கல்

தம்பி, பழைய மையத்தில் மண்ணுக்கடியில் இருப்பதுதான் ஊரின் மூத்த பகுதி. இரண்டு மீட்டர் தோண்டினால் போன நூற்றாண்டுக் குழாய், மூன்றில் ஏதாவது ஒரு பழைய அஸ்திவாரம், அதற்குக் கீழே தொல்லியல்துறை. வேலை எத்தனை மாதம் நிற்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

அதைவிடப் பெரிய பயம் பக்கத்து வீடுகள். 150 வருட வீட்டின் அஸ்திவாரம் பெரும்பாலும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் முடிந்துவிடும். நீ அதற்குக் கீழே வெட்டினால் அந்தச் சுவரைத் துண்டு துண்டாகக் கீழிருந்து தாங்கிக்கொண்டே போகவேண்டும். நிலத்தடி நீர் மேலே இருக்கிற ஊரானால் பம்பு வைத்து இறைப்பாய். நீர்மட்டம் இறங்கும். பக்கத்துக் கட்டடங்கள் மரத்தூண்கள் மேல் நிற்கிறவை என்றால், தண்ணீருக்குள் இருந்தவரை கெடாமல் கிடந்த மரம் காற்றுப் பட்டதும் மட்க ஆரம்பிக்கும்.

1888-இல் ஆம்ஸ்டர்டாமில் திறந்த கான்செர்ட்கெபாவ் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்தூண்கள் மேல் கட்டப்பட்டது. நூறு வருடம் நெருங்கும்போது கட்டடமே இறங்கத் தொடங்கிவிட்டது. 1980-களில் அஸ்திவாரத்தையே மாற்றினார்கள். ஒரு கச்சேரி அரங்குக்கே அந்தக் கதி. உன் பள்ளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குடித்தனக்காரர் எங்கே போவார்?

மூன்று மீட்டர் இறங்குவதை நான் ஒப்புக்கொள்வேன். சுவரிலிருந்து தள்ளி, படிப்படியாக. பத்து மீட்டர் என்றால் என் கையெழுத்துக் கிடைக்காது.

கேபிள்காரன்

நான் மேடைக்கு சவுண்ட் செட் பண்றவன். கட்டடக்கலை தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்: லாரி எங்க நிக்கும்?

டூர் வர்ற பேண்டோட டிரெய்லர் லாரி பதினாறரை மீட்டர் நீளம். திரும்பறதுக்கு வெளி ஆரம் பன்னிரண்டரை மீட்டர் வேணும். உங்க சந்து மூணரை. சதுக்கத்துல வண்டி விடமாட்டாங்க. அப்போ ஊருக்கு வெளிய லாரியை நிறுத்தி, சின்ன வேன்ல மாத்தி, நாலு நடை அடிச்சு, கல்லு பாவின தரையில சக்கரம் வெச்ச பெட்டிகளை உருட்டணும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கீங்களா? கச்சேரியே தேவலை.

அரங்கத்தை மூணு மீட்டர் கீழ இறக்கினா மேடையும் கீழ போகும். அப்போ சரக்கு லிஃப்ட். சின்னதா ஒண்ணு வெச்சு ஏமாத்தாதீங்க. கச்சேரி கிராண்ட் பியானோ 274 செ.மீ. நீளம், கிட்டத்தட்ட அரை டன். காலைக் கழட்டிச் சாய்ச்சு வெச்சாலும் அந்த நீளம் உள்ள போகணும். லிஃப்ட் வாசல், சந்து வாசல், மேடை வாசல் மூணும் ஒரே நேர்கோட்டுல, ஒரே மட்டத்துல. நடுவுல ஒரு படி இருந்தா ஒவ்வொரு ராத்திரியும் எங்க முதுகுதான் போகும்.

மூன்றாம்மாடி

எங்களை யாரும் கேட்கவில்லை என்பதால் நானே எழுதுகிறேன். நான் இப்படி ஓர் இசைக்கூடத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். இசைக்கு எதிரி இல்லை. பாதி நாள் டிக்கெட் வாங்கிப் போகிறவள்தான்.

எங்களுக்குப் பாட்டு கேட்பதில்லை. 'தும் தும்' மட்டும் கேட்கிறது. தலையணையில் காது வைத்தால் சுவர் வழியாக வருகிறது. அது ஒரு பங்கு. மூன்று பங்கு தொல்லை கச்சேரி முடிந்த பிறகு. கதவு திறந்ததும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தெருவில் கொட்டுகிறார்கள். இரண்டு மணி நேரம் உரத்த சத்தத்தில் இருந்த காது, அதனால் எல்லாரும் கத்தித்தான் பேசுகிறார்கள். வாடகை வண்டி தேடுகிறார்கள், சிகரெட் பற்றவைக்கிறார்கள், பாடகரைப் போலவே பாடிக் காட்டுகிறார்கள். குறுகிய தெருவில் இரண்டு பக்கமும் கல்சுவர். சத்தம் போக வழி இல்லை, மேலே ஏறி எங்கள் ஜன்னலுக்குத்தான் வருகிறது. அதற்கப்புறம் கேபிள்காரன் சொன்ன பெட்டிகள்.

அனுமதி வாங்கும்போது கட்டடத்தின் சுவருக்குக் கணக்குக் காட்டினார்கள். தெருவுக்கு யாரும் கணக்குக் காட்டவில்லை.

அரைத்தூக்கம்

நகர மையத்தில் குடியிருந்தால் சத்தம் இருக்கும்தானே? அமைதி வேண்டுமென்றால் புறநகர்.

மூன்றாம்மாடி

நான் வந்து முப்பது வருடம். கூடம் வந்தது அப்புறம்.

பழங்கல்

இதற்கு ஒரு நெறி ஏற்கெனவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-இல் திட்டவிதியில் சேர்த்தது, இங்கிலாந்து 2018-இல் தேசியத் திட்டக் கொள்கையில் சேர்த்தது. மாற்றத்தைக் கொண்டுவருகிறவரே அதன் பாரத்தைச் சுமக்க வேண்டும். பழைய இசைக்கூடத்துக்குப் பக்கத்தில் புதிதாக அடுக்குமாடி கட்டினால், சத்தத்தைத் தடுக்கும் செலவு கட்டுகிறவருடையது. இசைக்காரர்கள் போராடிப் பெற்ற பாதுகாப்பு அது. ஆனால் அதே நெறி இந்த மனையில் திரும்பி நிற்கிறது. வீடுகள் முன்பே இருக்கின்றன, புதிதாக வருவது கூடம். ஆகவே முழுப் பாரமும் வரைபலகையின் தலையில்.

இன்னொன்று. பழைய மையத்திலிருந்து குடித்தனம் வெளியேறிவிட்டால் மிஞ்சுவது விடுதியும் பரிசுப்பொருள் கடையும்தான். குடியிருப்பவர் தூங்க முடிவதும் பழமைப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்றுதான் நான் பார்க்கிறேன். கல்லை மட்டும் காப்பாற்றி என்ன செய்ய?

ஒலிக்கணக்கு

அந்த 'தும் தும்' பற்றி. ராக் கச்சேரியில் 63 ஹெர்ட்ஸ் பட்டையில், அதாவது தாழ்ந்த பேஸ் ஒலியில், உள்ளே 110 டெசிபெல்லுக்கு மேல் சாதாரணம். பக்கத்துப் படுக்கையறையில் இரவில் அது தொல்லை தராமல் இருக்க அதே பட்டையில் 45, 50-க்குள் வரவேண்டும். ஆக 60, 65 டெசிபெல் தடுக்கவேண்டும். 30 செ.மீ. கான்கிரீட் சுவர் ஒன்று அந்தத் தாழ்வான பட்டையில் தோராயமாக 40 தடுக்கும். சுவரின் கனத்தை இரட்டித்தால் கிடைப்பது 5, 6 டெசிபெல்தான். கனத்தைக் கூட்டிக்கொண்டே போய் இதை ஜெயிக்க முடியாது. ஒன்றையொன்று தொடாத இரண்டு சுவர்கள், இடையில் நல்ல இடைவெளி. அதற்குத்தான் 1.8 மீட்டர் நடைபாதை கேட்டேன்.

வீட்டுச்சுவரை அரங்கின் சுவராகப் பயன்படுத்தவே கூடாது. காற்று வழிச் சத்தத்தைத் தடுத்தாலும், திடப்பொருள் வழியாக அதிர்வு நேராகக் கட்டிலுக்குப் போய்விடும். ஒரே ஒரு இடத்தில் கட்டுமானக் குப்பை இரண்டு சுவருக்கும் நடுவில் விழுந்து சிக்கினாலும் இரட்டைச் சுவர் ஒற்றையாகிவிடும். வரைபடத்தில் இது தெரியாது. தளத்தில் டார்ச் அடித்துப் பார்க்க ஆள் வேண்டும்.

வரைபலகை

உள் அரங்கையே ஸ்பிரிங் மேல் நிறுத்தினால்? ஹாம்பர்க்கின் எல்ப்ஃபில்ஹார்மொனி அரங்கில் அப்படித்தானே, 362 ஸ்பிரிங் தொகுப்புகள்?

ஒலிக்கணக்கு

ஆமாம். 1960-களின் கிடங்கு ஒன்றின் தலையில் 2,100 பேர் அரங்கை ஏற்றினார்கள், ஸ்பிரிங் மேல். 2017 ஜனவரியில் திறந்தபோது முதலில் சொன்ன தேதியும் செலவும் எங்கோ போயிருந்தன. துறைமுகக் கப்பல் சத்தம் உள்ளே வரக்கூடாது, உள்ளே நடப்பது அதே கட்டடத்திலிருக்கும் விடுதிக்கும் வீடுகளுக்கும் போகக்கூடாது. காரணம் இருந்தது, செய்தார்கள்.

உனக்குக் காரணம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பார். கீழே ரயில் சுரங்கம் ஓடுகிறதா, சதுக்கத்தின் ஓரம் டிராம் போகிறதா? பர்மிங்காம் சிம்பொனி ஹால் ரயில் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் ரப்பர் மேல் நிற்கிறது. மான்செஸ்டரின் பிரிட்ஜ்வாட்டர் ஹால், வாசலில் டிராம், சுமார் 280 ஸ்பிரிங். ரப்பர் என்றால் பெட்டியின் இயல்பதிர்வு, அதாவது அது தானாக ஆடும் வேகம், 8, 10 ஹெர்ட்ஸ் அருகில் வரும். ஸ்பிரிங் என்றால் 3 முதல் 5. ராக் கச்சேரியில் கூட்டம் ஒன்றாகக் குதிக்கும் வேகம் நொடிக்கு இரண்டு மூன்று தடவை. ஸ்பிரிங் தேர்ந்தெடுத்தால் அதையும் கணக்கில் வை. இல்லையென்றால் கட்டடம் ரசிகரோடு சேர்ந்து ஆடும்.

படிக்கட்டு

தீயும் காற்றும் என் துறை. இரண்டையும் யாரும் தொடவில்லை.

1994-இல் பார்சிலோனாவின் லிசேயு ஆப்பரா அரங்கு எரிந்தது. வெல்டிங் பொறி திரையில் விழுந்தது. 1996-இல் வெனிஸின் ஆப்பரா அரங்கான லா ஃபெனிசே எரிந்தது. பக்கத்துக் கால்வாயைத் தூர்வாருவதற்காக வற்றவைத்திருந்தார்கள், தீயணைப்புப் படகு கிட்டே வரமுடியவில்லை, ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீர் கொட்டினார்கள். இரண்டுமே வேலை நடந்துகொண்டிருந்த சமயம். பழைய மையத்தில் தீயணைப்பு வண்டி வருகிற பாதை என்பது பெரும்பாலும் ஒன்றுதான். உன் மனையில் அது சதுக்கம். அங்கே நீட்டிக்கொண்டு வரும் மேற்கூரை, நிரந்தர இருக்கை, மரம் எதுவும் ஏணிவண்டிக்குக் குறுக்கே வரக்கூடாது.

வெளியேற 600 பேருக்கும் முன்வாசல் மட்டும் போதாது. ஒரு வழி புகையால் அடைபட்டது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுவோம். அப்படியானால் பின்சந்து வழியாகப் பெரும்பகுதி போகவேண்டும். 3.5 மீட்டர் சந்தில் அதே நேரம் கேபிள்காரனின் வேன் நிற்கிறது. இதைத் தீர்க்காமல் எந்த ஊரிலும் உரிமம் கிடைக்காது. வேனுக்குக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு நிறுத்துமிடம் ஒதுக்கு. ஆறு மீட்டர் பின்னறைப் பகுதியில் பாதி அதற்குப் போகும்.

காற்று: ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் என்றால் 600 பேருக்கு நொடிக்கு 6 கன மீட்டர். சாதாரண அலுவலகத்தில் டக்டுக்குள் (காற்றுக் குழாய்க்குள்) காற்றை வேகமாகத் தள்ளிவிடலாம். கச்சேரி அரங்கில் 'உஸ்' கேட்டுவிடும். அரங்கை நெருங்கும்போது நொடிக்கு 2 மீட்டருக்குக் குறைக்கவேண்டும். 6-ஐ 2-ஆல் வகுத்தால் 3 சதுர மீட்டர் குறுக்குவெட்டு. உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. ஒவ்வொன்றிலும் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். உன் செக்ஷனில் அவை எங்கே? இருக்கைக்கடியிலிருந்து மெதுவாக விட்டால் சத்தம் குறையும், ஆனால் தரைக்கடியில் இன்னொரு மீட்டர் போகும்.

எந்திரங்களைக் கூரையில் வைக்கிறேன் என்று சொல்லாதே. பழங்கல் அக்கா சும்மா விடமாட்டார்.

பழங்கல்

விடமாட்டேன். பழைய மையத்தில் கூரைகளும் முகப்புதான். கோபுரத்திலிருந்து, குன்றிலிருந்து, மூன்றாம்மாடியின் ஜன்னலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அதுதான் ஊர்.

இப்போது தம்பி முதலில் கேட்டதற்கு வருகிறேன், பாவம் காத்திருக்கிறார். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964-இன் வெனிஸ் சாசனம் இரண்டு விஷயம் சொல்கிறது. புதிதாகச் சேர்ப்பது தன் காலத்தின் முத்திரையோடு தனித்துத் தெரியவேண்டும். அதேசமயம் சூழலின் சமநிலையையும் சுற்றுப்புறத்தோடு உள்ள உறவையும் கெடுக்கக்கூடாது. முதல் வரியை மட்டும் படித்தவர்கள் சதுக்கத்தில் கண்ணாடிக் கட்டியை வைத்துவிட்டுச் சாசனத்தைக் கைகாட்டுவார்கள். இரண்டாவதை மட்டும் படித்தவர்கள் பிளாஸ்டரில் போலித் தூண் ஒட்டுவார்கள்.

போலந்தின் ஷ்செச்சின் பில்ஹார்மோனிக்கைப் பார். 2014, வடிவமைத்தது பரோசி வெய்கா நிறுவனம். போரில் அழிந்த பழைய கச்சேரிக் கட்டடம் இருந்த இடம். அலங்காரம் எதையும் நகல் எடுக்கவில்லை, ஊரின் செங்குத்துக் கூரைகளின் நிழலுருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முழுக்க வெள்ளையாக, இரவில் ஒளிரும்படி கட்டினார்கள். அடுத்த வருடம் ஐரோப்பியக் கட்டடக்கலைக்கான மீஸ் வான் டெர் ரோ விருது கிடைத்தது. எனக்கு அந்த வெள்ளை கொஞ்சம் அதிகம் என்று படுகிறது. ஆனால் உருவத்தை எடு, ஒப்பனையை விடு என்ற முடிவு சரி.

லா ஃபெனிசே இதற்கு நேர் எதிர். இருந்தபடியே, இருந்த இடத்திலேயே என்று முடிவெடுத்து, ஆல்டோ ரோஸ்ஸியின் வடிவமைப்பில் கட்டி 2003-இல் திறந்தார்கள். நகலா என்று கேட்டால் நகல்தான். ஊரார் அந்த அறையைத்தான் திரும்பக் கேட்டார்கள், சாசனத்தை யாரும் கேட்கவில்லை.

உன் இடத்தில் இரண்டும் பொருந்தாது. உன்னிடம் இருப்பது ஒரு சுவர். அதற்குப் பின்னால் சம்பந்தமே இல்லாத தளமட்டங்களைப் போட்டு, பழைய ஜன்னல்களுக்குக் குறுக்கே கான்கிரீட் தெரியும்படி செய்தால் சுவர் முகமூடியாகிவிடும். ஜன்னல் மட்டங்களுக்கு ஏற்ப லாபியின் மாடிகளை வை. முகப்பு வடிவமைப்பு என்று உனக்குத் தனியாக எதுவும் மிச்சமில்லை.

வரைபலகை

அக்கா, கண்ணாடிதான் வேண்டாம் என்கிறீர்களா? பார்சிலோனாவின் பலாவ் இசையரங்கு பழைய குறுகல் தெருக்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. 1908-லேயே பக்கச்சுவர் முழுக்கக் கண்ணாடி, பகல் வெளிச்சத்தில் கச்சேரி.

பழங்கல்

அது ஓர் அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டடம் மூச்சுவிட பின்னாளில் பக்கத்திலிருந்த தேவாலயத்தையே அகற்றினார்கள். உனக்கு இரண்டு பக்கமும் இருப்பது குடும்பங்கள். கண்ணாடியை லாபியில் வைத்துக்கொள்.

ஒலிக்கணக்கு

லாபியிலும் சரியான காரணத்துக்கு வை. மூன்றாம்மாடி சொன்ன தெருச் சத்தத்துக்கு உன்னிடம் இருக்கும் ஒரே மருந்து லாபிதான். கச்சேரி முடிந்ததும் ஆட்கள் உள்ளேயே அரைமணி நேரம் நிற்கிற மாதிரி பெரிதாக இருந்தால் ஒரே சமயத்தில் வெளியே கொட்டமாட்டார்கள். அங்கேயே உட்கார, குடிக்க, வண்டிக்குக் காத்திருக்க இடம் கொடு. 8 மீட்டரை 10 ஆக்கு. இருக்கையைக் குறை.

அடுத்தது உன் 'ஒரு நாள் சிம்பொனி, மறுநாள் ராக்'. சபைன் சூத்திரம் தெரியும்தானே? எதிர்முழக்க நேரம் (ஒலி அடங்க எடுக்கும் நேரம்) = 0.161 × கனஅளவு ÷ மொத்த உறிஞ்சல் (ஒலியைக் குடிக்கும் பரப்பு). 5,400 கன மீட்டரில் 1.8 நொடி வேண்டுமென்றால் 483 சதுர மீட்டர் உறிஞ்சல். ராக்குக்கு 0.9 நொடி வேண்டும், அதாவது 966. ஒரே இரவில் இன்னொரு 480 சதுர மீட்டரைக் கொண்டுவந்து மறுநாள் ஒளித்துவைக்கவேண்டும். கனத்த திரைகள் என்பாய். நடு, மேல் சுருதிகளுக்கு நன்றாக வேலை செய்யும். 125 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. பேஸ் முழங்கும், பாடல் வரி அதில் மூழ்கும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே 7 மீட்டர். சுவரை ஒட்டித் தொங்கும் துணி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

சிம்பொனி பக்கமும் சிக்கல். மியூசிக்ஃபெரைன் 15,000 கன மீட்டர், உன்னுடையது அதில் மூன்றில் ஒன்று. அதே வாத்தியக்குழு உன் அரங்கில் கணக்குப்படி சுமார் 4 டெசிபெல் உரக்கக் கேட்கும். பித்தளை வாத்தியங்கள் முழுமூச்சில் ஊதினால் முன்வரிசைக்காரர் காதைப் பொத்துவார். நாற்பது பேர் கொண்ட சேம்பர் குழு (சிறிய வாத்தியக்குழு), பாடகர் குழு, ஜாஸ், தனிவாத்தியம். அதற்கு இது சொர்க்கம்.

கேபிள்காரன்

அண்ணன் சொல்றது சரி, ஆனா ராக் வேண்டாம்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. பழைய மையத்துல இளசுங்க வர்ற இடம் அதுதான். சேம்பர் மியூசிக் மட்டும்னா வாரத்துல ரெண்டு நாள் விளக்கெரியும், மீதி அஞ்சு நாள் பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கிற பெரிய கட்டடம் சதுக்கத்தையே கொன்னுடும்.

சுவர்லயும் கூரையிலயும் மெல்லிசான பலகைக்குப் பின்னாடி காத்து விட்டு அடிச்சா தாழ்வான பேஸை நல்லா குடிக்கும். பேஸ் முழங்காத இடத்துல ஒன்றரை நொடி இருந்தாலும் நான் மிக்ஸ் பண்ணிடுவேன்.

ஒலிக்கணக்கு

பலகை குடிக்கும். சேம்பர் குழுவின் செல்லோவையும் டபுள் பேஸையும் சேர்த்தே குடிக்கும். மியூசிக்ஃபெரைனின் கதகதப்பு என்று எல்லாரும் சொல்வது கனமான பிளாஸ்டர் தாழ்சுருதியைத் திருப்பிக் கொடுப்பதால்தான். எடுத்தால் எடுத்ததுதான்.

கேபிள்காரன்

அப்போ ரெண்டு ரூம்.

படிக்கட்டு

ஒன்றின் மேல் ஒன்றா? கீழே டிரம்ஸ் அடிக்கும்போது மேலே நால்வர் குழு மெதுவாக வாசிக்கிறார்கள். ஒலிக்கணக்கு அண்ணன் கேட்ட தடுப்பு இப்போது உங்கள் கட்டடத்துக்குள்ளேயே தேவை.

கேபிள்காரன்

ஒரே நேரத்துல ரெண்டும் நடத்தவேண்டாமே? 600 பேருக்குத்தான் கதவும் கழிப்பறையும் கணக்கு. ஒரு ராத்திரிக்கு ஒரு ரூம். சின்ன ரூம் 200 பேர் நிக்கிற மாதிரி, மூணு மீட்டர் கீழ. கூரை தாழ்வா, சுவர் முழுக்க பேஸ் குடிக்கிற பலகை. 200 பேர் பேண்டுக்கு டிரெய்லர் லாரியே வராது, ஒரு வேன்தான்.

ஒலிக்கணக்கு

இதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். சத்தமான பெட்டி சிறிதானால் அதை முழுசாக மண்ணும் இரட்டைச் சுவரும் சூழ வைக்கலாம், வீட்டுச்சுவர்களிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி நடுவில். தடுக்க வேண்டிய பரப்பு குறைகிறது.

வரைபலகை

எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி வரைந்தேன். பெரிய அரங்கு 420 இருக்கை, ஒலிபெருக்கி இல்லாத இசைக்கு மட்டும். 18 × 24, உயரம் 9, கிட்டத்தட்ட 3,900 கன மீட்டர். இருக்கைக்கு 9 வருகிறது. லாபி 10 மீட்டர், மாடிகள் பழைய ஜன்னல் மட்டத்தில். பின்னால் 8 மீட்டர், அதில் கூரையோடு கூடிய வேன் நிறுத்தமும் பியானோ நீளத்துக்கு சரக்கு லிஃப்டும். 200 பேர் அறை அரங்கின் நடுப்பகுதிக்கு அடியில், சுற்றிலும் டக்டும் கிடங்கும். கீழே போவது மொத்தம் நான்கரை மீட்டர், ஆனால் நடுவில் மட்டும். ஓரங்களில் தோண்டவில்லை. மொட்டைமாடி மேடை போய்விட்டது. எந்திர அறைக்குத்தான் இன்னும் இடம் இல்லை.

படிக்கட்டு

லாபியின் மேல்மாடியில், முன்சுவருக்குப் பின்னால் இருக்கும் கூரைச்சரிவுக்குள் வை. அரங்குக்கும் அதற்கும் நடுவில் முழு லாபி இருக்கும், அதிர்வு எட்டாது. குளிர்விப்பானின் மூச்சு மட்டும் சதுக்கம் பார்த்து, இரவில் பாதி வேகத்தில். வீட்டு ஜன்னல் பக்கம் ஒரு கிராதிகூட வேண்டாம்.

பழங்கல்

கூரைச்சரிவுக்குள் என்றால் சம்மதம். நான்கரை மீட்டருக்கு தொல்லியல் அகழ்வை வேலைத்திட்டத்தின் முதல் கட்டமாகவே காட்டு. தீசிஸை மதிப்பிடும் ஜூரியில் யாராவது நிச்சயம் கேட்பார்கள்.

அரைத்தூக்கம்

கழிப்பறை?

வரைபலகை

லாபியின் தரைத்தளத்தில் பெண்களுக்கு எட்டு, ஆண்களுக்கு எட்டு.

மூன்றாம்மாடி

420 பேருக்கு இருபது நிமிட இடைவேளை. பெண்கள் வரிசை சதுக்கம்வரை வரும். பன்னிரண்டு வை, ஆண்கள் பக்கம் குறைத்துக்கொள். வரிசை நிற்கும் இடத்தையும் வரைபடத்திலேயே காட்டு, அது நடைபாதையில் போய் நிற்கக்கூடாது.

இன்னொரு வேண்டுகோள். பின்னணிச் சத்தம் அளக்கப் போகும்போது பகலில் சதுக்கத்தில் ஒரு மீட்டரை வைத்துவிட்டு வந்துவிடாதே. இரவு பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை, பக்கத்து வீட்டு மேல்மாடியில், ஜன்னல் திறந்து அள. கோடையில் நாங்கள் மூடித் தூங்குவதில்லை.

ஒலிக்கணக்கு

மூடி ஒரு தடவை, திறந்து ஒரு தடவை. டெசிபெல் ஒற்றை எண்ணாக எழுதாமல் 63 ஹெர்ட்ஸிலிருந்து பட்டை பட்டையாக எழுது. அதை இங்கே போடு, சின்ன அறையின் சுவர்த் தடிமனை அதற்கப்புறம் பேசலாம்.